வீட்டுக்குள் குறைந்த வெளிச்சத்தில் ஆட்களைப் படம் எடுக்க கேமராவை எப்படி வைப்பது?

கேள்வி இதுதான்: கையில் ஒரு தொடக்க நிலை கேமரா, அதோடு வந்த 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். பகலில் வெளியே எடுத்தால் படம் அருமையாக வருகிறது. மாலைக்கு மேல் வீட்டுக்குள் ஆட்களை எடுத்தால் முகம் கலங்கிப்போகிறது, இல்லையென்றால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. எந்த மோடில், எந்த ஐஎஸ்ஓவில் எடுப்பது?

எல்லா அறைக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. ஆனால் எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்லலாம். ஆட்களை எடுக்கும்போது முதலில் ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), அப்புறம் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), கடைசியாகத்தான் ஐஎஸ்ஓ (பதிந்த வெளிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு). பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "ஐஎஸ்ஓ 800-க்கு மேல் போனால் படம் கெட்டுவிடும்" என்று யாரோ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு முதலில் அதைப் பூட்டிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஷட்டருக்குப் போகிறது. அது 1/15 நொடியில் வந்து நிற்கிறது. முகம் கலங்குவதற்குக் காரணம் அதுதான்.

வீட்டுக்குள் உண்மையில் எவ்வளவு இருட்டு என்பது நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் கண் தானாகச் சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 (எஃப் என்பது அப்பர்ச்சரின் அளவு; எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஏறக்குறைய 1/100 நொடி என்பது சரியான எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குத் தேவையான வெளிச்ச அளவு. இரவில் சாதாரண விளக்கு எரியும் அறையில் வெளிச்சம் அதைவிடச் சுமார் 10 ஸ்டாப் குறைவு. ஒரு ஸ்டாப் என்றால் பாதி. அப்படிப் பத்து முறை பாதியாக்கினால் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அறையில் ஐஎஸ்ஓ 100-ல் எஃப் 2 வைத்தால் 1/8 நொடி தேவைப்படும். உங்கள் 18-55 லென்ஸை 55 வரை இழுத்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அங்கே அதே ஐஎஸ்ஓ 100-க்கு முழுதாக ஒரு நொடி வேண்டும். ஐஎஸ்ஓ 1600-க்கு ஏற்றினால் 1/15. பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் கலங்காமல் வர 1/125 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 12800. உங்கள் கேமராவிலோ கையிலோ குறை இல்லை, கணக்கு அப்படி. அந்தக் கணக்கை எங்கெங்கே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம் என்பதுதான் இனி சொல்லப்போவது.

அதற்கு முன் ஒரு வேலை. ஏற்கனவே எடுத்து வீணாய்ப்போன படங்களைத் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். "கலங்கியது" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று வேறு கோளாறுகள். படத்தில் சுவர், நாற்காலி, முகம் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். சுவரும் நாற்காலியும் கூர்மையாக இருந்து, முகமோ கைவிரலோ மட்டும் வழிந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். எதுவும் இழுபடவில்லை, ஆனால் கண் மழுங்கலாக இருக்கிறது, காதோ பின்னால் உள்ள திரைச்சீலையோ பளிச்சென்று இருக்கிறது என்றால் ஃபோகஸ் தவறிவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு. கை நடுக்கத்துக்கான மருந்தை ஆள் அசைவுக்குக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸ் வாங்கிய பிறகும் படம் கலங்குகிறதே என்று பலர் வருந்துவது இதனால்தான். அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஷட்டர் ஸ்பீடுக்கு வருவோம். படத்துக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 1/60 போதும், 1/100 இருந்தால் நிம்மதி. பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள் என்றால் 1/125 முதல் 1/160. நடமாட்டம் இருந்தால் 1/250. ஓடியாடும் குழந்தைக்கு 1/250-கூடப் பல நேரம் போதாது, 1/500 வரை போக வேண்டியிருக்கும். நடனமும் அப்படித்தான். இதோடு கை நடுக்கத்துக்கான பழைய விதியும் இருக்கிறது: லென்ஸின் குவியத் தூரத்தை (18, 55 என்று லென்ஸில் எழுதியிருக்கும் எண்) ஒன்றின் கீழ் போட்டால் வரும் வேகத்துக்குக் கீழே இறங்காதீர்கள். சிறிய சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) உள்ள ஏபிஎஸ்-சி வகைக் கேமராக்களில் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 லென்ஸுக்கு 1/80 என்று வரும். ஆட்களை எடுக்கும்போது பெரும்பாலும் முதல் கணக்கே இதைவிட வேகமாகக் கேட்கும் என்பதால், சாதாரண லென்ஸ்களில் இந்த விதியைத் தனியாக நினைவில் வைக்க வேண்டிய அவசியம் வருவதில்லை.

வெளிச்சம் அந்த வேகத்துக்கு இடம் கொடுக்காவிட்டால், அசைவுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பிடிக்க வேண்டும். மனிதர்கள் தொடர்ந்து ஒரே வேகத்தில் அசைவதில்லை. சிரிப்பு உச்சத்துக்குப் போய் ஒரு கணம் நிற்கும். பேசுகிறவர் வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்குவார். அடுத்தவர் சொல்வதைக் கேட்கும்போது முகம் அசையாமல் இருக்கும். 1920-களில் எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் பிளாஷ் இல்லாமல் படம் எடுத்துப் பெயர் வாங்கினார். அவர் பயன்படுத்தியது 1924-ல் வந்த எர்மனாக்ஸ் கேமரா. லென்ஸ் எஃப் 2, பிறகு எஃப் 1.8, அந்தக் காலத்துக்கு அது பெரிய திறப்பு. ஆனால் பதிவானது கண்ணாடித் தகட்டில், ஒரு தகட்டுக்கு ஒரு படம். அந்தத் தகடுகளின் உணர்திறன் இன்றைய சென்சார்களுக்குப் பக்கத்திலேயே வராது. ஆட்கள் அசையாத கணத்துக்காகக் காத்திருந்துதான் அவர் எடுத்திருக்க முடியும். நமக்கு அதோடு இன்னொரு வசதியும் இருக்கிறது: தொடர்ச்சியாக நான்கைந்து படம் தட்டலாம். 1/60-ல் ஐந்து எடுத்தால் அதில் ஒன்றிரண்டாவது கூர்மையாக வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. முதல் படத்தில் பட்டனை அழுத்தும் அசைவு இருக்கும். நடுவில் வருபவை பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

அடுத்தது அப்பர்ச்சர். எஃப் 1.8 லென்ஸ் எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மேலே சொன்ன அறையில் ஐஎஸ்ஓ 12800 கேட்ட அதே படம் எஃப் 1.8-ல் ஐஎஸ்ஓ 1250 சுற்றில் முடிந்துவிடும். கேமராவை மாற்றினாலும் இந்த அளவு வித்தியாசம் கிடைக்காது. உங்களிடம் இப்போதைக்கு 18-55 மட்டும்தான் என்றால் அதிலும் ஒரு வழி இருக்கிறது. அந்த லென்ஸ் 18-ல் எஃப் 3.5 வரை திறக்கும், 55-ல் எஃப் 5.6 வரைதான். இரண்டுக்கும் நடுவே இரண்டரை மடங்கு வெளிச்சம் போகிறது. அதனால் இருந்த இடத்திலிருந்து ஜூம் செய்யாமல் நடந்து பக்கத்தில் போங்கள். ஆனால் 18-லேயே வைத்துக்கொண்டு முகத்துக்கு மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகவும் காது உள்வாங்கியும் தெரியும். யாருக்கும் அந்தப் படம் பிடிக்காது. 24 முதல் 30-க்குள் வைத்து, இடுப்புக்கு மேலே வரும்படி எடுத்தால் முகமும் இயல்பாக இருக்கும், எஃப் 4 அளவுக்குத் திறப்பும் கிடைக்கும்.

எஃப் 1.8-க்கு ஒரு விலை உண்டு: ஃபோகஸ் விழும் ஆழம் மிகக் குறைவு. சிறிய சென்சார் கேமராவில் 50 லென்ஸ், எஃப் 1.8, ஆள் ஒரு மீட்டர் தூரத்தில் என்றால் கூர்மையாக இருக்கும் பகுதி சுமார் 3 சென்டிமீட்டர்தான். ஆள் பேசிக்கொண்டே கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் போதும், கண் அதிலிருந்து வெளியே போய்விடும். அதே ஆளை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஆழம் 12 சென்டிமீட்டர் அளவுக்கு வருகிறது. தூரம் இரட்டித்தால் ஆழம் நான்கு மடங்கு. எனவே தனி ஆள் என்றால் எஃப் 1.8 அல்லது 2 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் நில்லுங்கள். இரண்டு மூன்று பேர் என்றால் எஃப் 2.8 முதல் 4 வரை. அவர்கள் ஒருவர் முன்னே ஒருவர் பின்னே இல்லாமல் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வரிசையாக நிற்கும் குழுவுக்கு எஃப் 5.6 தேவைப்படும். அந்த நிலையில் பெரும்பாலும் பிளாஷ் இல்லாமல் ஒப்பேற்ற முடியாது.

இப்போது எல்லோரும் பயப்படும் ஐஎஸ்ஓ. படத்தில் தெரியும் புள்ளிகளை உண்டாக்குவது ஐஎஸ்ஓ எண் அல்ல, வெளிச்சப் பற்றாக்குறை. ஒளி துகள் துகளாக வந்து சென்சாரில் விழுகிறது. தூறலில் பத்துக் கிண்ணங்களை வரிசையாக வைத்தால் ஒன்றில் நாலு துளி, பக்கத்தில் ஏழு துளி என்று ஏறுக்குமாறாக விழும். கனமழையில் எல்லாக் கிண்ணமும் ஏறக்குறைய ஒரே அளவு நிரம்பும். சென்சாரில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்குள் வரும் அந்த ஏறுக்குமாறுதான் நாம் பார்க்கும் நாய்ஸ். வெளிச்சம் நான்கு மடங்கானால் நாய்ஸோடு ஒப்பிடும்போது படத்தின் தெளிவு இரண்டு மடங்காகிறது. ஐஎஸ்ஓவை ஏற்றுவது, விழுந்த கொஞ்சத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது, அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. ஷட்டரும் அப்பர்ச்சரும் தீர்மானமான பிறகு, ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்துப் படத்தை இருட்டாக எடுத்தால் எதுவும் மிச்சமாகாது. விழுந்த வெளிச்சம் அதேதான். பிறகு கணினியில் பிரகாசத்தை ஏற்றும்போது புள்ளிகள் எல்லாம் வெளியே வரும். கேமராவே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பு என்றால் இன்னும் மோசம். நிழல் பகுதியில் நிறம் திட்டுத் திட்டாக உடையும். ஐஎஸ்ஓ 800-ல் இருட்டாக எடுத்து ஏற்றிய முகத்தைவிட, ஐஎஸ்ஓ 3200-ல் சரியான வெளிச்சத்தில் எடுத்த முகம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். கருத்த நிறத்தவர்களை எடுக்கும்போது இது இரட்டிப்பு முக்கியம். அடர்ந்த நிறங்களில்தான் நாய்ஸ் முதலில் தெரியும். இருட்டாக எடுத்து ஏற்றினால் அந்தத் தோலின் செழுமை போய்ச் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். அவர்களுக்குப் போதுமான வெளிச்சம் கொடுத்து எடுப்பது படம் எடுப்பவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

நாய்ஸை எங்கே பார்க்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். 6000 பிக்சல் அகலமுள்ள படத்தை நூறு சதவீதத்தில் விரித்து வைத்துக் கன்னத்தைப் பார்த்தால் ஐஎஸ்ஓ 6400 பயமுறுத்தும். அதையே 1500 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் பதினாறு பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. நாய்ஸ் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். போனில் அனுப்பும் படத்துக்கும் சின்ன ஆல்பத்துக்கும் இது தாராளம். அதோடு, ரா கோப்பிலிருந்து (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) நாய்ஸை நீக்கும் மென்பொருள்கள் சில ஆண்டுகளாக வெகுவாக முன்னேறிவிட்டன; டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம் 2020-லும் லைட்ரூமின் டீநாய்ஸ் 2023-லும் வந்தன. புள்ளி உள்ள படத்தை அவற்றில் காப்பாற்றலாம். வழிந்துபோன முகத்தை அந்த அளவுக்குக் காப்பாற்ற முடியாது. இரண்டில் ஒன்றைத் தியாகம் செய்யத்தான் வேண்டும் என்றால் எதை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, கேமராவில் இதை எப்படி வைப்பது? நான் பரிந்துரைப்பது மேனுவல் மோடும் ஆட்டோ ஐஎஸ்ஓவும். ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் லென்ஸின் முழுத் திறப்பு அல்லது அதற்கு ஒரு படி கீழே, ஐஎஸ்ஓ ஆட்டோ. அதன் உச்ச வரம்பு 6400. புதிய கேமரா என்றால் 12800 வரையும் விடலாம். இப்படி வைத்தால் முக்கியமான இரண்டும் உங்கள் கையில் இருக்கும். ஆள் விளக்குக்குப் பக்கத்தில் போனாலும் தள்ளிப் போனாலும் மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். குழந்தை ஓட ஆரம்பித்தால் ஷட்டர் சக்கரத்தை மட்டும் திருப்பினால் போதும். சில பழைய தொடக்க நிலை கேமராக்களில் மேனுவல் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்தால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (கேமரா கணிக்கும் பிரகாசத்தை நாம் கூட்டிக் குறைக்கும் வசதி) வேலை செய்யாது. அப்படியானால் அப்பர்ச்சர் மோடுக்குப் (திறப்பை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா வைக்கும்) போய், ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவுக்குள் இருக்கும் குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடை 1/125 என்று வையுங்கள். பலன் ஏறக்குறைய அதேதான். அந்த வரியைத் தொடாமல் விட்டால், அப்பர்ச்சர் மோடு தயக்கமில்லாமல் 1/20-க்கு இறங்கிவிடும்.

ஒரே விளக்கின் கீழ், ஒரே இடத்தில், நேரம் எடுத்து எடுப்பதாக இருந்தால் ஐஎஸ்ஓவையும் கையாலேயே பூட்டிவிடுங்கள். படத்துக்குப் படம் பிரகாசம் மாறாமல் இருக்கும்.

எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் ஏன் வேண்டும் என்றால், வீட்டுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் அடிக்கடி ஏமாறும். ஆளுக்குப் பின்னால் எரியும் விளக்கோ ஜன்னலோ ஃபிரேமுக்குள் வந்தால் அதைப் பார்த்து "வெளிச்சம் நிறைய இருக்கிறது" என்று கேமரா நினைத்துக்கொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். அங்கே +1 வரை ஏற்றுங்கள். வெள்ளை உடை, வெள்ளைச் சுவர் என்றாலும் +0.7 அளவு தேவைப்படும். மாறாக, கறுப்பு உடையில் ஒருவர் இருண்ட பின்னணி முன் இருந்தால் முகம் வெளுத்துப்போகும். அங்கே குறைக்க வேண்டும். இதைச் சரிபார்க்கக் கேமராவின் பின் திரையை நம்பாதீர்கள். இருட்டு அறையில் அந்தத் திரை இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும். மறுநாள் கணினியில் திறந்தால் எல்லாப் படமும் ஒரு ஸ்டாப் இருட்டாக இருக்கும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் அது. மொத்தமும் இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தால் ஏற்றுங்கள். விளக்கு மட்டும் வெளுத்துப்போனால் கவலை வேண்டாம், நெற்றி வெளுத்துப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஃபோகஸுக்குப் போகலாம். கேமரா ஃபோகஸ் பிடிக்க வெளிச்சமும், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே மாறுபாடும் வேண்டும். மங்கிய அறையில் நிழல் விழுந்த கன்னத்தில் பிடிக்கச் சொன்னால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் படும் பக்கத்துக் கண்ணில், இமை முடி இருக்கும் விளிம்பில் பிடியுங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் கண்ணைத் தேடும் வசதி இருந்தால் அதையே போட்டுவிடுங்கள், இந்த வேலைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) என்றால் ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். பல கேமராக்களில் நடுப்புள்ளிதான் இருட்டில் நன்றாகப் பிடிக்கும். எல்லாப் புள்ளியையும் கேமராவிடம் விட்டால் அது முகத்தை விட்டுவிட்டு முன்னால் நீட்டியிருக்கும் கையையோ சட்டைப் பட்டனையோ பிடிக்கும். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டு ஃபிரேமைத் திருப்பும் பழக்கம் எஃப் 4-ல் பிரச்சினை இல்லை. எஃப் 1.8-ல் திருப்பும்போது ஏற்படும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசமே கண்ணை வெளியே தள்ளிவிடும். அங்கே புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துவது நல்லது.

ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்வது பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ரா கோப்பில் எடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்தான் எடுப்பீர்கள் என்றால், மஞ்சள் விளக்குகள் 2700 முதல் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) சுற்றில் இருக்கும். கெல்வின் எண்ணை அந்தப் பக்கம் வைத்து முகத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருப்பதுதான் அந்த அறைக்கு இயல்பு, முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஜன்னலின் நீல வெளிச்சம், மறு பக்கம் மஞ்சள் பல்பு என்றால் எந்த எண் வைத்தாலும் முகத்தின் ஒரு பாதி தவறான நிறத்தில்தான் இருக்கும். கேமராவில் தேடாமல், எழுந்து போய் ஒரு விளக்கை அணைத்துவிடுங்கள்.

எல்இடி விளக்குகள் வந்த பிறகு புதிதாக ஒரு தொல்லை. மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடும் இடங்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. 60 சுற்று உள்ள நாடுகளில் 120 முறை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேகமான ஷட்டரில் ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், அல்லது குறுக்கே பட்டை பட்டையாக விழும். முதல் வகை இடங்களில் 1/100 அல்லது 1/50, இரண்டாவது வகையில் 1/125 அல்லது 1/60 வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னும் வேகம் வேண்டுமென்றால், கேமராவில் ஃபிளிக்கர் குறைப்பு என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்தில் ஷட்டரைத் திறக்க அது உதவும். சத்தமில்லாமல் எடுக்கலாமே என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பெரும்பாலான சென்சார்கள் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் பட்டைகள் அதில்தான் அதிகம் தெரியும்.

செட்டிங் எல்லாம் சொன்னேன். இவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவுவது ஆளை நகர்த்துவதுதான். விளக்கிலிருந்து மூன்று மீட்டரில் இருப்பவரை ஒன்றரை மீட்டருக்குக் கொண்டுவந்தால், அந்த விளக்கிலிருந்து முகத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஐஎஸ்ஓ 6400 நேராக 1600 ஆகிவிடுகிறது. உச்சி விளக்கின் நேர் கீழே மட்டும் நிற்க வைக்காதீர்கள். கண்குழி இருண்டு, மூக்கு நிழல் உதட்டில் விழும். அந்த விளக்கிலிருந்து இரண்டு அடி பின்னால் தள்ளி நிறுத்தி விளக்கைப் பார்க்கத் திருப்பினால் அதே விளக்கு முகத்தில் சரிவாக விழும். கண்ணுக்குள் ஒரு ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வெளிச்சம் சரியான இடத்திலிருந்து வருகிறது. பகல் என்றால் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். மேசை விளக்கு ஒன்றை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பினால்கூட மென்மையான, பெரிய வெளிச்சம் கிடைக்கும்.

ஆட்களை நகர்த்த முடியாது, கூட்டம், குறைந்த வெளிச்சம் என்றால் பிளாஷ். கேமராவின் தலையில் எழும் சின்ன பிளாஷை நேராக முகத்தில் அடிக்காதீர்கள். முகம் தட்டையாகும், பின்னால் கறுப்பு நிழல் விழும், தூரத்தில் இருப்பவர்கள் இருட்டில் போய்விடுவார்கள். தலை திரும்பும் தனி பிளாஷ் ஒன்றை வெள்ளைக் கூரையை நோக்கி, கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து அடித்தால் கூரையே பெரிய விளக்காகிவிடும். அப்போது ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/100, பிளாஷ் டிடிஎல் (பிளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) என்று மேனுவல் மோடில் தொடங்குங்கள். பிளாஷ் வெடிப்பு மிகக் குறுகிய நேரமே இருப்பதால் அசைவை அதுவே உறைய வைக்கும். மெதுவான ஷட்டரும் ஐஎஸ்ஓவும் அறையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவரும். பின்னணி இருண்டிருந்தால் ஐஎஸ்ஓவை 1600 ஆக்குங்கள். ஷட்டரை 1/200-க்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் பாதிப் படம் கறுப்பாகிவிடும், அல்லது கேமராவே ஏற்ற விடாது. கூரை பச்சையோ நீலமோ என்றால் முகமும் அதே நிறம் வாங்கும். அந்த அறையில் வெள்ளைச் சுவர் ஒன்றைத் தேடுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 2018-ல் கூகுள் பிக்சலிலும் 2019-ல் ஐபோன் 11-லும் வந்த இரவு மோடுகள் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கின்றன. கட்டடத்துக்கு அது அற்புதம். ஆனால் ஆள் அசைந்தால் முகத்தில் விவரம் கரைந்து மெழுகு பூசியதுபோல் ஆகும். அதனால் போன் நொடிகளை எண்ணி முடிக்கும்வரை அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், முடியாதென்றால் இரவு மோடை அணைத்துவிட்டு ஆளை விளக்குப் பக்கம் கூப்பிடுங்கள். ஜூமைத் தொடாதீர்கள். இருட்டில் பல போன்கள் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் டெலி லென்ஸை விட்டுவிட்டு முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. எடுக்கும் முன் லென்ஸில் உள்ள விரல் எண்ணெயைத் துடையுங்கள், விளக்கைச் சுற்றித் தெரியும் புகைமூட்டம் பாதி அங்கேயே போய்விடும்.

அடுத்து எதை வாங்குவது என்று நிச்சயம் கேட்பீர்கள். புது கேமரா வேண்டாம். உங்கள் கேமராவுக்குப் பொருந்தும் 35 எஃப் 1.8 லென்ஸ் முதலில். சிறிய சென்சாரில் அறைக்குள் 50-ஐவிட அது வசதி, பின்னால் நகர இடமில்லாமல் சுவரில் முட்ட வேண்டியிருக்காது. தனி முகங்கள் மட்டும்தான் எடுப்பீர்கள் என்றால் 50 எஃப் 1.8 போதும். குழுப் படங்கள் அதிகம் என்றால் லென்ஸுக்கு முன்பாகவே தலை திரும்பும் பிளாஷ் ஒன்றை வாங்குங்கள். ஏனென்றால் எட்டுப் பேரை எஃப் 1.8-ல் எடுத்தால் எல்லா முகமும் ஃபோகஸில் வருவது கடினம். அதுவரை இருக்கிற லென்ஸை 24 பக்கம் வைத்து, 1/100, ஐஎஸ்ஓ 6400, ஆள் விளக்கிலிருந்து ஒன்றரை மீட்டரில் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.